புள்ளி விழாத விசைப்பலகைக்கு மாற்று

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்பவரின் விசைப்பலகையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுவிடலாம். வலதுகைச் சுண்டுவிரலின் கீழ் இருக்கும் அரைப்புள்ளி விசை வழுவழுத்து, எழுத்து அழிந்து கிடக்கும். தமிழ் மெய்யெழுத்தின் புள்ளி அங்கேதான் இருக்கிறது. ‘வல்வெட்டித்துறை’ என்று ஒருமுறை எழுத அந்த விசை மூன்று தடவை அடிபடும். ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதினாலும் அதே மூன்று தடவைதான். முப்பத்தோராம் நாளுக்கு முன்னர் ஒரு நினைவு மலரை, ஊர்ப் பேச்சில் ஒரு ‘கல்வெட்டை’, அச்சுக்குக் கொடுத்தாக வேண்டிய கொமினிகேசன் கடையில் அந்த ஒற்றை விசை படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை. அது வேலை செய்யாமற் போனால் ‘அம்மா’ ‘அமமா’ ஆகிவிடும்.

அப்படியான நாளில்தான் பலர் நெல்லியடிக்கோ பருத்தித்துறைக்கோ ஓடி, கடையில் முதலில் எடுத்துக் காட்டியதை வாங்கி வருகிறார்கள். நான்கு மாதத்தில் அதுவும் போய்விடுகிறது. வாங்கியவரின் கை ராசியைக் குறை சொல்லிப் பயனில்லை. விசைப்பலகை விற்பனைக் குறிப்புகள் எல்லாம் குளிரூட்டிய அலுவலகத்தில் ஆங்கிலம் தட்டுகிறவரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. வல்வெட்டித்துறையில் வாங்குகிறவருக்கு இரண்டு கேள்விகள் கூடுதலாக உண்டு. ஒன்று கடற்காற்று. மற்றது அவருடைய விரல்கள் பழகிய தமிழ்.

முதலில், உண்மையிலேயே பழுதா?

விசைப்பலகை என்று பழி சுமத்தப்படுகிற பல கோளாறுகள் அதனுடையவை அல்ல. யூ.எஸ்.பி. முனையைக் கழற்றி வேறொரு துவாரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். கரையோர வீடுகளில் துவாரத்தின் உள்ளே இருக்கும் தகடுகளே முதலில் பச்சை பிடிக்கின்றன. அடுத்து, அதே விசைப்பலகையை அயலவரின் கணினியில் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு பலகையில் இல்லை.

எழுத்துக்குப் பதிலாக இலக்கங்கள் வந்தால் ‘நம் லொக்’ விசை போடப்பட்டிருக்கும். சில மடிக்கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். விசையை நீண்ட நேரம் அழுத்தினால்தான் எழுத்து வருகிறது என்றால், வலது ஷிப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்ததில் விண்டோஸின் ‘ஃபில்டர் கீஸ்’ தானாக விழித்திருக்கலாம். ஆங்கிலம் சரியாக வந்து தமிழ் மட்டும் கோணலாக வந்தால் அது மென்பொருளின் வேலை.

ஒரே வரிசையில் உள்ள பல விசைகள் ஒன்றாகச் செத்துப்போனால், அல்லது ஒரு விசை அடித்தால் இரண்டு எழுத்து விழுந்தால், அப்போது பலகையைச் சந்தேகிக்கலாம். அப்பொழுதும் எறிய அவசரமில்லை. மலிவான விசைப்பலகையின் வயிற்றில் மூன்று மெல்லிய பிளாஸ்ரிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்கடத்தும் மையால் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும், நடுத்தாளில் துளைகள். விசையை அழுத்தும்போது துளை வழியாக மேலும் கீழும் தொட்டுக்கொள்கின்றன. இந்தத் தாள்கள் சிறிய சுற்றுப்பலகையோடு சேரும் இடம் வெறும் அழுத்தத்தில்தான் நிற்கிறது; பற்றாசு கிடையாது. ஈரம் முதலில் புகுவது அந்த இடத்தில். பின்புறத் திருகாணிகளைக் கழற்றி, அந்தச் சேர்க்கையை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தோய்த்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து இறுக்கிப் பூட்டினால் உயிர் திரும்புகிற பலகைகள் பல.

பிளேன்ரீ கொட்டியிருந்தால் கதை வேறு. சீனி காய்ந்து ஒட்டும். உடனே கழற்றிக் கவிழ்த்து, பிறகு தாள்களைப் பிரித்துக் கழுவலாம். ஆனால் கிணற்று நீரில் வேண்டாம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். நீர் வன்மையானது, கரையோரத்தில் உவர்ப்பும் உண்டு. காய்ந்ததும் வெள்ளைப் படிவு நிற்கும். வாகன பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் ஒரு போத்தல் வாங்கினால் போதும். நிழலில் ஒரு நாளாவது உலரவேண்டும். முற்றத்து வெயிலில் வைத்தால் மூடிகள் வளையும்.

காற்று என்ன செய்கிறது

கடலிலிருந்து வரும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துணிக்கைகள் மிதக்கின்றன. உலர்ந்த உப்பினால் பெரிய கேடு இல்லை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது அந்தத் துணிக்கை ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து, ஒரு துளி உப்புநீராக மாறுகிறது. அந்தத் துளி மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வடக்குக் கரையில் ஈரப்பதன் இரவிரவாக இந்த அளவுக்கு மேலே நிற்பது சாதாரணம். அதனால்தான் கோடையில் ஒழுங்காக இருந்த விசைப்பலகை மார்கழியில் கோளாறு தொடங்குகிறது.

இதை இந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை என்றும் சொல்லலாம். வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்மரக் கப்பலான அன்னபூரணி, 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் போய் நின்றது. உப்பு இரும்பை என்ன செய்யும் என்பது இங்கே பாட்டன் காலத்துப் பாடம். கணினி என்று வந்தவுடன் மட்டும் அது மறந்துபோகிறது. காற்று நன்றாக வருகிறது என்று கடற்பக்க யன்னலுக்குக் கீழேயே மேசையைப் போடுகிறார்கள்.

மேசையை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துவது எந்த உயர்ந்த விசைப்பலகையையும் விட மலிவான பாதுகாப்பு. வேலை முடிந்ததும் ஒரு பருத்தித் துணியால் மூடுவது அடுத்தது. கடைகளில் விற்கும் சிலிக்கோன் தோல் உறையை நிரந்தரமாகப் போட்டு வைப்பதில் இந்த ஊருக்கு லாபம் குறைவு. அது தூசியைத் தடுக்கும். ஆனால் அடியில் சிக்கிய ஈரத்தை வெளியே விடாது.

எழுத்து பிளாஸ்ரிக்கில் இல்லை

இனி இரண்டாவது கேள்வி. கடைக்காரர் ‘தமிழ் கீபோர்ட் வேணுமோ?’ என்று கேட்பார். ஆம் என்று தலையாட்டுவதற்கு முன்னர், எந்தத் தமிழ் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த விடயத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தனி உரிமை இருக்கிறது. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப்படும் ஆர். முத்தையா 1886இல் சுண்டிக்குளியில் பிறந்தவர். சிங்கப்பூருக்குப் போய், தமிழின் 247 எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் எப்படி அடக்குவது என்று மண்டையைப் போட்டு உடைத்தவர். எழுத்தின் மேலே நிற்கும் புள்ளியையும் சுழியையும் நகரா விசையில் வைத்தார்: அடித்தால் குறி விழும், ஆனால் வண்டி நகராது, அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து சேரும். அவருடைய பொறியை ஜெர்மனியில் செய்டல் அன்ட் நௌமன் நிறுவனம் செய்தது. 1990களில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத ஆண்டுகளிலும் அலுவலகக் கடிதங்களை எழுதிக் கொடுத்தது தட்டச்சுப் பொறிதான். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய எழுதுவினைஞரின் விரல்களில் இருக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

பாமினி அந்த மரபின் கணினிப் பிள்ளை. ஜே விசையில் த, கே விசையில் ம, பி விசையில் இகரக் குறி, ஓ விசையில் ழ, அரைப்புள்ளியில் புள்ளி. இந்த ஐந்தையும் வரிசையாக அடித்தால் ‘தமிழ்’ வந்துவிடும். ‘கொ’ எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால்: கையால் எழுதும் அதே ஒழுங்கு. இலங்கை அரசு தரப்படுத்தியது ரெங்கநாதன் அமைப்பை. 2008இல் வந்த எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரத்தில் அது இருக்கிறது. அதுவும் தட்டச்சு மரபில் வந்ததுதான். ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றும் அச்சிட்டு விற்கும் மும்மொழிப் பலகைகளில் தமிழுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் ரெங்கநாதனே. பாமினிக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு, ஆனால் எல்லா விசையும் ஒத்துப்போகும் என்று நம்பி வாங்கக்கூடாது.

தமிழ் 99 வேறு சாதி. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பின், அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. புள்ளி ‘எஃப்’ விசையில், அதாவது இடக்கைச் சுட்டுவிரல் ஓய்வெடுக்கும் மேட்டில். பல இடங்களில் அதைத் தானே போட்டும் விடும். பாமினியில் சுண்டுவிரல் செய்யும் கூலிவேலையை இங்கே வலுவான விரல் செய்கிறது. புதிதாகப் பழகத் தொடங்கும் மாணவருக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. முப்பது ஆண்டு பாமினி அடித்தவரை இதற்கு மாற்றச் சொல்வது வீண் வேலை.

கைப்பேசியில் வளர்ந்த தலைமுறைக்கு மூன்றும் தெரியாது. ஆங்கில ஒலியில் அடித்துத் தமிழை வரவழைப்பார்கள். அவர்களுக்கு எந்தப் பலகையும் சரி.

விசையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பது மட்டும்தான் அதற்குப் போய்ச் சேருகிறது. அதை எழுத்தாக்குவது மென்பொருள். விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளிலும் விண்டோஸ் 11இலும் தமிழ் 99 உள்ளேயே வருகிறது. பாமினி விரல் பழக்கத்தோடு ஒருங்குறியில் எழுத எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. அலுவலகங்களுக்கு மின்னஞ்சலில் ஆவணம் அனுப்புகிறவர் ஒருங்குறிக்குப் போவது நல்லது. பழைய பாமினி எழுத்துருவில் அனுப்பியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும்.

ஆகவே, பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர் தமிழ் அச்சுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. தமிழ் அச்சு பழகுநருக்குத்தான் உதவும். அவருக்கும், எழுத்து ஒட்டிகளைவிட அச்சிட்ட பலகை நல்லது. வியர்வையில் ஒட்டி கழன்று சுருளும்.

சூரிச்சிலிருந்து வந்த மடிக்கணினி

வல்வெட்டித்துறையில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. அதனால் பாவித்த மடிக்கணினிகள் விடுமுறைப் பயணப் பெட்டிகளில் வந்து சேர்கின்றன. கணினி நல்லதாகவே இருக்கும். சிக்கல் விசைகளில்.

ஜெர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் விற்கும் பலகைகளில் வை எழுத்தும் இசெட் எழுத்தும் இடம் மாறியிருக்கும். பாமினியில் வை விசை ‘ல’, இசெட் விசை ‘ண’. பார்க்காமல் அடிக்கிறவர் ஊர்ப் பெயரை அடித்தால் ‘வல்வெட்டி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வண’ என்று தொடங்கும், புள்ளியும் வராது. காரணம், எல் எழுத்துக்கு வலப்பக்க விசை அங்கே அரைப்புள்ளி அல்ல. ஜெர்மன் பலகையில் அந்த இடத்தில் இரு புள்ளி வைத்த ஓ, நோர்வேயில் குறுக்குக் கோடு போட்ட ஓ, பிரான்சில் எம். பிரெஞ்சுக் கணினி இன்னும் வேடிக்கை காட்டும்: ‘அம்மா’ என்று அடித்தால் ‘இமஅமா’ என்று விழும்.

இதற்குப் புதிய விசைப்பலகை வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய், ஆங்கிலம் (அமெரிக்கா) விசையமைப்பைச் சேர்த்து, பழையதை நீக்கினால் ஒவ்வொரு விசையும் அமெரிக்கப் பலகையின் இடத்துக்குரிய எழுத்தையே தரும். விசையின் மேல் அச்சிட்டிருப்பது பொய்யாகிவிடும், அவ்வளவுதான். விரல் பழகியவருக்கு அது பொருட்டல்ல. பார்த்துப் பார்த்து அடிக்கிற பிள்ளைக்குத்தான் குழப்பம். அவருக்கு வெளியே மாட்டும் ஒரு சாதாரண அமெரிக்க அமைப்புப் பலகை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

பிரித்தானியக் கணினிகளில் எழுத்துகள் இடம் மாறுவதில்லை. ஆனால் ஐரோப்பியப் பலகைகள் பெரும்பாலானவற்றில் உள்ள ஓர் உருவ வேறுபாடு அங்கேயும் உண்டு. என்ரர் விசை இரண்டு வரி உயரமாக நிற்கும். இடப்பக்க ஷிப்ட் சிறுத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு கூடுதல் விசை இருக்கும். அமெரிக்க அமைப்பில் 104 விசை, ஐரோப்பிய அமைப்பில் 105. இந்தச் சிறுத்த ஷிப்ட் ஆங்கிலக்காரருக்குச் சின்ன விடயம். பாமினியில் து, ஆ, ஈ, ஊ என்று ஒவ்வொன்றுக்கும் ஷிப்ட் வேண்டும். இடக்கைச் சுண்டுவிரல் நாள் முழுவதும் அந்தக் கூடுதல் விசையில்தான் தவறி விழும். பாமினிக்காரர் வெளிவிசைப்பலகை வாங்கும்போது இடது ஷிப்ட் நீளமானதா என்று பார்ப்பது முதல் வேலை.

மடிக்கணினியின் உள்விசைப்பலகையையே மாற்றுவதென்றால் இந்த உருவ வேறுபாடு பெரிய தடையாகும். இன்றைய பல மடிக்கணினிகளில் விசைகளுக்கு இடையே சட்டம் ஓடுகிறது. உயரமான என்ரருக்கு வெட்டிய சட்டத்துக்குள் தட்டையான என்ரர் உள்ள பலகை பொருந்தாது. அதனால் மாதிரி எண்ணை மட்டும் சொல்லி வாங்கக்கூடாது. பழைய பலகையைக் கழற்றி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பாக இலக்கத்தைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்ப வேண்டும். பின்னொளி உள்ளதா, ரிப்பன் வயர் எந்தப் பக்கத்தில் எவ்வளவு அகலத்தில் வருகிறது என்பதையும் படத்தில் காட்ட வேண்டும்.

கழற்றும் முறையும் கணினிக்குக் கணினி வேறு. பழைய திங்பாட்களில் அடியில் இருக்கும் ஓரிரு திருகாணிகளை எடுத்துவிட்டால் பலகை கையோடு வரும். 2021இல் வந்த ஃபிரேம்வேர்க் கணினியும் பாவனையாளரே மாற்றக்கூடியதாகச் செய்யப்பட்டது. மலிவான மெல்லிய மடிக்கணினிகளிலோ பிளாஸ்ரிக் குமிழ்களை உருக்கி ஒட்டியிருப்பார்கள். அவற்றை உடைத்து மாற்றிப் பிறகு பசை வைக்க வேண்டும். கைத்தேர்ச்சி உள்ள திருத்துநர் இல்லாமல் தொடக்கூடாது.

2015 முதல் 2019 வரை வந்த அப்பிள் மக்புக்குகளைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை. அந்த ஆண்டுகளின் பல மாதிரிகளில் ‘பட்டர்ஃபிளை’ எனப்பட்ட மிக மெல்லிய விசை இருந்தது. ஒரு தூசு புகுந்தாலே விசை இறுகியது அல்லது இரட்டித்தது. அப்பிள் 2018இல் இலவசத் திருத்தத் திட்டம் அறிவித்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு 2022இல் 50 மில்லியன் டொலர் இணக்கத்தில் முடிந்தது. கடற்கரை மணல் நடை வாசலில் கிடக்கும் ஊருக்கு இதைவிடப் பொருந்தாத விசை இல்லை. அன்போடு தந்தால் வாங்கிக்கொள்ளலாம். பணம் கொடுத்து வாங்க வேண்டாம். மாற்றுவதென்றால் பற்றரியோடு சேர்த்து மேல் உடலையே மாற்ற வேண்டியிருக்கும்.

மெம்பிரேனா, மெக்கானிக்கலா?

இணையத்தில் பார்த்த இளைஞர்கள் கேட்பது மெக்கானிக்கல். மெம்பிரேனைப்போல அதில் தாள் இல்லை. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச், உள்ளே ஒரு சுருள்வில். ஜெர்மனியின் செரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். சுவிட்சுதான் இன்றுவரை அளவுகோல். அதன் காப்புரிமை முடிந்தபின் கெட்டரோன், கைல், அவுட்டெமு எனச் சீனத் தயாரிப்புகள் வந்து விலை இறங்கியது. விசை மொத்தம் 4 மில்லிமீற்றர் இறங்கும்; 2 மில்லிமீற்றரிலேயே எழுத்து பதிந்துவிடும். அடிவரை குத்தத் தேவையில்லை என்பதால் நாள் முழுதும் அடிக்கிறவரின் விரல் மூட்டுகளுக்கு நிம்மதி. சிவப்பு வகை வழுக்கிச் செல்லும், மண்ணிறம் நடுவில் ஒரு சிறு தட்டுக் காட்டும், நீலம் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் நீலத்தை வாங்கினால் இரவில் சண்டை நிச்சயம்.

ஆயுளைப் பொறுத்தவரை மெம்பிரேனுக்கு 50 இலட்சம் முதல் ஒரு கோடி அழுத்தம் வரை சொல்வார்கள். செரி தன் சுவிட்சுக்குச் சொல்வது 5 கோடியும் அதற்கு மேலும். இவை உப்பில்லாத அறையில் இயந்திரம் அழுத்தி எண்ணிய எண்ணிக்கைகள். வல்வெட்டித்துறையில் சுவிட்ச் தேய்ந்து சாவதற்கு முன் அரித்துச் சாகும். மெக்கானிக்கல் சுவிட்சின் தண்டைச் சுற்றி இடைவெளி உண்டு. ஈரம் உள்ளே போகும். ஒருநாள் ஒரு தடவை அடித்த ‘ம’ இரண்டாக விழத் தொடங்கும்.

ஆனாலும் ஒரு பெரிய நன்மை: கெட்டது ஒரு சுவிட்ச் என்றால் ஒன்றை மட்டும் மாற்றலாம். பற்றாசு வைக்காமல் பிடுங்கிச் செருகும் வகையை வாங்கினால் வீட்டிலேயே செய்யலாம். புள்ளி விசைக்கென்று நாலைந்து உதிரிச் சுவிட்சுகளைக் கூடவே வாங்கி வைக்க வேண்டும், ஏனென்றால் பின்னர் தேவைப்படும்போது யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ சொல்லி எடுக்க வேண்டியிருக்கும். மூடிகள் ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக்காக இருந்தால் சில மாதத்தில் எண்ணெய் பூசியதுபோல மினுங்கும், பி.பி.ரி. வகை நீண்டகாலம் சொரசொரப்பாக நிற்கும்.

அறுபது சதவீதம் என்று சொல்லி விற்கும் 61 விசைச் சிறிய பலகைகள் மேசையில் அழகாக இருக்கும். தமிழுக்கு ஆகாது. மேல் இடது மூலையில் எண் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய விசை அவற்றில் எஸ்கேப்போடு கலந்துவிடுகிறது. பாமினியில் அது ‘ஹ’. ஒவ்வொரு ‘ஹ’வுக்கும் இன்னொரு விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இலக்கப் பகுதி இல்லாத 87 விசைப் பலகையில் இந்தத் தொல்லை இல்லை. கணக்குப் பதிவுகளோ கடைப் பற்றுச்சீட்டோ அடிக்கிறவருக்கு இலக்கப் பகுதி கட்டாயம் வேண்டும்.

வயர் இல்லாதவை? புளூடூத் ஆனாலும் யூ.எஸ்.பி. துவாரத்தில் சிறு சமிக்ஞை வாங்கி (ரிசீவர்) செருகும் வகையானாலும் பற்றரி வேண்டும். ஈரக் காற்றில் பற்றரிப் பெட்டியின் தகடு பச்சை பிடிக்கும்; சிறு வாங்கி தொலைந்தால் மலிவான பலகைகளில் அதற்கு மாற்று வாங்கவே முடியாது. மேசையில் ஒரே இடத்தில் கிடக்கும் பலகைக்கு வயரே நல்லது. பழைய மேசைக் கணினிகளில் ஊதா நிற வட்டத் துவாரம் இருந்தால், அதற்குரிய பலகையைக் கணினியை நிறுத்திவிட்டுத்தான் செருக வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? பெரும்பாலான வீடுகளுக்கும் ரியூசன் வகுப்புகளுக்கும் வயர் உள்ள, 104 விசையுள்ள, அமெரிக்க அமைப்பு மெம்பிரேன் பலகை போதும். நீர் வடிய அடியில் துளை உள்ளதாகப் பார்க்க வேண்டும். லொஜிடெக் கே120 இந்த வகைக்கு நல்ல உதாரணம். சிந்தும் நீரைத் தாங்கும் என்றும் ஒரு கோடி அழுத்தம் வரை உழைக்கும் என்றும் நிறுவனம் சொல்கிறது. மெக்கானிக்கலின் விலைக்கு இப்படியானவை பல வாங்கலாம் என்பதால் ஒன்றைப் பாவித்து ஒன்றைக் காற்றுப் புகாத பையில் கட்டி வைப்பது இந்தக் கரையில் புத்திசாலித்தனம். 2022இல் இரண்டு மாதங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, இறக்குமதிப் பொருளில் ஓர் உதிரி வைத்திருப்பதன் அருமை தெரியும். நாள் முழுவதும் தட்டச்சே தொழிலாக உள்ளவர், கடலிலிருந்து சற்று உள்ளே இருப்பவர், மெக்கானிக்கல் வாங்கலாம். மண்ணிறமோ சிவப்போ, பிடுங்கிச் செருகும் வகை, 87 விசைக்குக் குறையாமல். கரையோர வீட்டில் விலையுயர்ந்த பலகை வாங்குவது வீண் செலவு.

கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும். அரைப்புள்ளி விசையைத் தொடர்ந்து இருபது தடவை அடித்து, ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஷிப்டையும் ஓரத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓரத்தில் அழுத்தும்போது சிக்கினால் அதை வைத்துவிடலாம். ‘வல்வெட்டித்துறை’ என்று வேகமாக ஐந்தாறு தடவை அடித்தால் புள்ளி, ஷிப்ட், இரண்டு கைகள் எல்லாம் ஒரே சோதனையில் முடிந்துவிடும். உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் திகதியோடு எழுதி வாங்க வேண்டும். அடித்துப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். பஸ் ஏறி அடுத்த கடைக்குப் போங்கள்.